அடித்தண்ணீர்

புன்னக்காயலில் முத்துராணி பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளோடு இறங்க வேறு ஆள் இல்லை. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. வைகாசிக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முன்பெல்லாம் அந்த இரண்டாவது பை அவள் கைக்கு வந்ததே கிடையாது. அதைத் தூக்க ஒரு ஆள் இருந்தான்.

தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி நிற்கும் அந்தப் பழைய வீடு ஒரு காலத்தில் சங்கு வியாபாரி ஒருவர் கட்டியது. இப்போது ஒரு கல்லூரியின் கடலியல் துறை அதை வாடகைக்கு எடுத்திருந்தது. முன்னறையில் கயிறு, வாளி, சல்லடை. நடு அறையில் கடல் சேறு அடைத்த பாட்டில்கள். பின்னறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. சுவரெல்லாம் ஆள் உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிரும். பூட்டிக் கிடந்த கதவைத் திறந்ததும் முதலில் ஈரச் சேற்றின் வாடை வந்தது. அதற்குப் பின்னாலேயே சிவசைலத்தின் சட்டை வாடை வந்தது.

அது வர நியாயமே இல்லை. அந்தச் சட்டை போன வாரம்தான் தண்ணீருக்குள் போனது.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

வாசலில் கஸ்பார் நின்றார். வள்ளக்காரர். அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். துறைக்காரர்கள் ஆற்றிலும் கடலிலும் இறங்குவதென்றால் அவருடைய வள்ளத்தில்தான்.

"இருக்காக அண்ணாச்சி."

"நீ திரும்பி வரமாட்டேன்னுதான் நெனைச்சேன் தாயி."

"வேல கெடக்குல்லா."

வேலை கிடக்கத்தான் செய்தது. ஆனால் அவள் வேலைக்காக வரவில்லை என்பது கஸ்பாருக்கும் தெரியும். சீவலப்பேரியில் மாமியார் வீட்டில் காலையில் எழுந்ததிலிருந்து ஆளாளுக்கு அவளைப் பாவம் பார்த்தார்கள். இங்கே பாவம் பார்க்கவும் ஆள் இல்லை. அவளுக்கு அதுவே போதும் என்று இருந்தது.

சிவசைலம் அவளுடைய கணவன். இரண்டு பேரும் அந்தத் துறையில்தான் உதவியாளர்கள். அவள் ஆற்றை அளப்பாள், அவன் கடலை. கடலின் அடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவனுக்குச் சோறும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம்.

"ஏட்டி, கடலுக்குள்ளயும் மழை பெய்யும் தெரியுமா?" என்பான். "மேல செத்தது, செதிலு, தூசி, துரும்பு எல்லாம் வெள்ளை வெள்ளையா அடிக்கு எறங்கிக்கிட்டே இருக்கும். வெளிச்சமே எட்டாத எடம். அங்கன உள்ள உசுரெல்லாம் அந்த மழையத் தின்னுதான் கெடக்கு. எதையும் வீணாக்காதுக."

கயிற்றில் பேசும் பழக்கத்தை அவன் கஸ்பாரிடம் கற்றான். சங்கு குளிப்பவர் அடியிலிருந்து கயிற்றை ஒருமுறை தட்டினால், தரைக்கு வந்தாயிற்று. இரண்டு முறை தட்டினால், இழு. மேலே வள்ளத்தில் இருப்பவர் எந்த வேலையாக இருந்தாலும் இரண்டு தட்டுக்கு இழுத்தே ஆக வேண்டும். குளிக்கிறவர்களிடையே அதைவிடப் பெரிய கட்டுப்பாடு கிடையாது.

போன வைகாசியில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கடல்தரை மண்ணைக் கவ்வி எடுக்கும் இரும்புத் தாடையை இறக்கும்போது கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டது. சத்தம்கூடக் கேட்கவில்லை. நின்றுகொண்டிருந்தவன் இல்லாமல் போனான். கயிறு முத்துராணியின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடி, ஒரு இடத்தில் நின்றது.

பிறகு, அடியிலிருந்து இரண்டு தட்டு.

இழுத்தாள். கஸ்பாரும் சேர்ந்து இழுத்தார். இரும்புத் தாடை வந்தது. அது நிறையச் சேறு வந்தது. அவன் வரவில்லை.

உடல் கிடைக்காததால் ஒரு வருஷமாக எந்தச் சடங்கும் செய்யாமல் வைத்திருந்தார்கள். வருஷம் திரும்பியதும் குடும்பம் புன்னக்காயலுக்குக் கிளம்பி வந்தது. கொழுந்தன் பெருமாள்ராஜ் எள்ளையும் சோற்று உருண்டையையும் அண்ணன் சட்டையில் முடிந்து, அதில் ஒரு கல்லையும் கட்டினான். மேலே மிதந்தால் காக்கை கொத்திவிடும், ஆழத்தில் விட்டால் நேரே அண்ணனிடம் போய்ச் சேரும் என்பது அவன் கணக்கு. வயல்காட்டுப் பிள்ளை. அவனுக்கு ஆறு என்றால் கடலுக்குப் போவது, அவ்வளவுதான்.

விடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டான். "மைனி, தண்ணி கடலுக்குத்தான போவுது?"

மேலே மிதந்த பூவும் சருகும் கடலைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தன. ஆனால் முகத்துவாரத்தில் ஆற்றுக்கு இரண்டு மாடி. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். ஆறு மேல்மாடி வழியாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, கடல் பொங்கும் நேரமாக இருந்தால், உப்புத் தண்ணீர் கீழ்மாடி வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அது கடல் பொங்கும் நேரம். முத்துராணிக்குத் தெரியும். அதை அளப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. கல்லைக் கட்டி அடியில் விடும் எதுவும் இப்போது கடலுக்குப் போகாது. ஊரைப் பார்த்து வரும்.

"ஆமா," என்றாள்.

கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பார்கள். வாய் வரவில்லை. சிவசைலத்தை அனுப்பிவைக்க அவளுக்கு மனசு இல்லை, அதுதான் உண்மை.

மாமியார் இசக்கித்தாய் அழவில்லை. "அவன் கெடக்க தண்ணி எனக்குக் கொஞ்சம் வேணும் தாயி," என்று மட்டும் கேட்டாள். ராமேஸ்வரம் போனாலும் பாபநாசம் போனாலும் ஒரு பாட்டில் தண்ணீரோடு திரும்புகிற வீடு அது. முத்துராணி அந்த இடத்திலேயே அடித்தண்ணீர் எடுத்து, பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி அவள் கையில் கொடுத்தாள். இசக்கித்தாய் அதைப் பிள்ளையை ஏந்துவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

இதெல்லாம் போன வாரத்துக் கதை.

வந்த அன்று பிற்பகலே கஸ்பாரும் அவளும் வள்ளத்தை எடுத்தார்கள். அடித்தண்ணீர் எடுக்கும் குழாய் ஒரு முழ நீளம், இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும். அதைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, கயிற்றின் மேல் ஒரு பித்தளைக் குண்டை நழுவ விட வேண்டும். குண்டு போய் இடித்ததும் குழாயின் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். இடிப்பது கயிறு வழியே விரலுக்குத் தெரியும். துறையில் அந்தக் குண்டுக்கு மெசஞ்சர் என்று பெயர். கஸ்பார் அதைச் சம்மனசு என்பார். கடவுளின் சேதியைக் கொண்டுபோகும் தூதர்களை அவர்கள் கோயிலில் அப்படித்தான் சொல்வார்கள்.

"சம்மனச விடு தாயி."

விட்டாள். கயிற்றில் விரலை வைத்துக் காத்திருந்தாள். டக்.

சரி, மூடிவிட்டது. இழுக்கக் கை வைத்தாள்.

டக். டக்.

அவள் கஸ்பாரைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை. குழாய் எங்கேயாவது கல்லில் இடித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இழுத்தாள். மேலே வந்த குழாயின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி சொட்டுச் சொட்டாக வழிந்தது. பிடித்த விரல்கள் விறைத்தன. இந்த மாதத்தில் ஆறும் வெதுவெதுப்பு, கரையோரக் கடலும் வெதுவெதுப்பு. வெயில் எட்டாத ஆழத்தில்தான் கடல் இப்படிக் குளிரும். இங்கே ஆழம் இரண்டு ஆள் உயரம்.

குழாயைத் திறந்து வாளியில் ஊற்றினாள். தண்ணீரோடு ஒன்று விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவு உடல், அதிலிருந்து நெளியும் ஐந்து மெல்லிய கைகள். பாம்பு நட்சத்திரம். சிவசைலம் எத்தனையோ தடவை உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறான். கடல்தரைச் சேற்றில் படுத்தபடி ஒரு கையை மேலே நீட்டி, அந்த வெள்ளை மழையைப் பிடித்துத் தின்னும். ஆற்றுத் தண்ணீர் பட்டாலே செத்துப்போகும்.

இது சாகவில்லை. ஒரு கையைத் தூக்கியது. வாளியின் பக்கத்தைத் தட்டியது.

இரண்டு முறை.

கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டார். "தாயி, அதக் கொண்டுபோயி கடல்லயே விட்டுருவோம். நாங்க குளிக்கும்போது அடியில என்னென்னமோ பாத்திருக்கோம். எதையும் கூட்டிக்கிட்டு மேல வந்ததில்ல."

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"வேண்டாம், சொல்லுதேன்."

முத்துராணி வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் வரவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்கு வந்தது சந்தோஷம்.

மறுநாள் கஸ்பார் வள்ளத்தை எடுக்க வரவில்லை. அவள் குழாயையும் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி, ஆத்தூர்ப் பாலத்தில் இறங்கினாள். பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து குழாயை இறக்கினாள். மேலே எடுத்ததும் ஒரு சொட்டை உப்புமானியின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஆறு என்றால் பூஜ்யம் காட்டும், முழுக்கடல் என்றால் முப்பத்தைந்து. இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் ஆற்றோடு கலந்து கலந்து உப்பு நீர்த்துப்போயிருக்கும்.

முப்பத்தைந்து காட்டியது.

வாளியின் அடியில் கறுப்பாக ஏதோ தங்கியிருந்தது. விரலால் தொட்டு எடுத்தாள். எள். ஊறி உப்பியிருந்தது.

அதன் பிறகு அவள் அதைப் பின்தொடர்ந்தாள். ஆற்றோடு மேற்கே ஏரல் வரைக்கும் போனாள். ஒவ்வொரு இடத்திலும் அடியில் அந்தக் குளிர், கலங்காமல், கலக்காமல், ஊரைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராதபடி பையை வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டில் இரண்டு டம்ளர் காப்பி போட்டு, ஒன்றைக் குடித்துவிட்டு, மற்றதை ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் வெறும் பாதியைப் பார்த்து அன்றன்றைக்கு அளந்ததைச் சொன்னாள். ஒரு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. நடு அறை வாளியில் இருந்த பாம்பு நட்சத்திரம் கேட்டுக்கொண்டு கிடந்தது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு அவள் போன அன்று மேற்கே மலையில் மேகம் கட்டி, மத்தியானமே அந்திபோல இருட்டியிருந்தது. ஆற்றை மறித்துச் சுவர் நிற்கிறது. சுவருக்கு மேற்கே நல்ல தண்ணீர். கிழக்கே, சுவரின் காலடியில், தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமான கசம். கடல் எவ்வளவு முட்டினாலும் இதைத் தாண்டி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. குளிக்கக்கூட ஆள் இல்லை. கொக்குகளும் இல்லை. கசத்தின் மேல் மெல்லிய புகை மாதிரி குளிர் எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் குழாயை இறக்கினாள். குண்டை விடவில்லை.

டக். டக்.

"வந்துட்டேன்," என்றாள் முத்துராணி. "இந்தத் தடவ விடமாட்டேன். பையப் பைய வாங்க."

இழுத்தாள். கனத்தது. ஒரு ஆளின் கனம். காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கயிறு பனிக்கட்டிபோலக் கைக்குள் ஏறி வந்தது. சேற்று வாடை வந்தது. சட்டை வாடை வந்தது. கறுத்த தண்ணீருக்குள் வெளுப்பாக ஒன்று மேலே எழும்பியது.

கை.

கயிற்றை இறுகப் பிடித்திருந்த ஒரு கை. ஐந்து விரல், மணிக்கட்டு, முழங்கை. கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடிக்கும் அதே பிடி. அவள் அதைத் தொடக் குனிந்தாள்.

விரல்கள் நெளிந்தன.

அது கை இல்லை. பாம்பு நட்சத்திரங்கள். நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு, அவன் கை இருந்த அளவுக்கு, அவன் கை இருந்த மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு நுனியைத் தூக்கிக் கயிற்றைத் தட்டியது. எல்லாம் ஒரே நேரத்தில். இரண்டு தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. அந்தக் கைக்குக் கீழே, ஒரு ஆள் அகலத்துக்கு, வெளுப்பாக இன்னும் ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது.

எதையும் வீணாக்காதுக.

அவன் சொன்னது இப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு வருஷமாக அவன்தான் அவற்றுக்கு மழை. தசையைத் தின்றவை அதோடு நிற்கவில்லை. அவன் கடைசியாகச் செய்ததையும் தின்று வைத்திருந்தன.

"நீ அவுக இல்ல," என்றாள். "நீ அவுக இல்ல. போயிரு."

கயிற்றை விட்டாள். அது உள்ளங்கையின் பழைய வடுவின் மேலேயே உரித்துக்கொண்டு ஓடி, குழாயோடும் எல்லாவற்றோடும் கசத்துக்குள் போனது. சங்கு குளிப்பவர்களின் கட்டுப்பாட்டை அவள் மீறிவிட்டாள். இரண்டு தட்டு கேட்டும் விட்டுவிட்டாள். பஸ் நிற்கும் இடம் வரை ஓடினாள்.

புன்னக்காயலுக்குப் போகக் கால் வரவில்லை. சீவலப்பேரிக்கு டவுன் பஸ் பிடித்தாள். ஸ்ரீவைகுண்டம் ஒன்று, அதற்கு மேலே மருதூர் ஒன்று, நடுவில் இரண்டு அணைக்கட்டு. கடலாவது, மண்ணாவது. நாற்று வாடை ஜன்னலில் வீசியபோது அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தாள். பெருமாள்ராஜ் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தான். இசக்கித்தாய் மட்டும் அடுப்படியில் இருந்தாள்.

"என்னட்டி, இப்பிடி வேத்துப்போயி வார? இந்தா, தண்ணியக் குடி."

செம்பை வாங்கிய முத்துராணி அதைத் திருப்பிப் பார்த்தாள். செம்பின் வெளிப்புறம் வியர்த்து வழிந்தது.

"அத்தே, ஐஸ் பொட்டி வாங்கிட்டீகளா?"

"அதெல்லாம் எதுக்கு? நீ குடுத்துவிட்ட தண்ணிய, நீ பொறப்பட்டுப் போன பொறவு, நெதம் ஒரு மொடக்கு பானையில ஊத்துதேன். அன்னையிலேர்ந்து இப்பிடித்தான் சில்லுனு கெடக்கு. ஊத்த ஊத்த அந்தப் பாட்டிலும் கொறைய மாட்டேங்கு, பாரேன்."

பானைக்கு மேலே பலகையில் அந்தப் பாட்டில் இருந்தது. கழுத்து வரை நிறைந்திருந்தது. அதன் அடியில் பொத்தான் அளவுக்கு ஏதோ வெளுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அணைக்கட்டு ஆற்றைத்தான் மறிக்கும். அவளே இறக்கி, அவளே எடுத்து, அவளே இறுக மூடிக் கொடுத்தனுப்பியதை எது மறிக்கும்?

"இதயா குடிக்கீக அத்தே? உப்பா இல்ல?"

"உப்பா?" இசக்கித்தாய் சிரித்தாள். அவள் உதட்டோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. "எனக்கு அப்பிடி ஒண்ணும் தெரியலியே. நம்ம ஆத்துத் தண்ணி மாதிரிதான் இருக்கு. படுத்தா கட்டில் கால்ல ரெண்டு தட்டு கேக்கும். எந்திச்சு ஒரு செம்பு குடிச்சாத்தான் நிக்கும்."

முத்துராணி பானையின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்தாள். மாமியாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கை குளிர்ந்திருந்தது.

"கொட்டாத தாயி," என்றாள் இசக்கித்தாய் மெதுவாக. "ஒரு தடவ விட்டுட்டோம்லா."

முத்துராணியின் உள்ளங்கை எரிந்தது. மாமியார் ஒரு வருஷத்துக்கு முந்தியதைச் சொன்னாளா, இன்றைக்கு மத்தியானத்தைச் சொன்னாளா என்று அவளுக்குக் கேட்கத் தைரியம் இல்லை. பானையை மெல்ல நிமிர்த்தி வைத்தாள். பையிலிருந்து உப்புமானியை எடுத்து, செம்பிலிருந்து ஒரு சொட்டு விட்டு, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

முப்பத்தைந்து.

இடது கையில் இருந்த செம்பு லேசாக அதிர்ந்தது. உள்ளேயிருந்து, அவள் விரலுக்கு மட்டும் தெரியும்படி.

டக். டக்.

சோதித்துப் பார்க்கத்தான், நாக்கு நுனியில் மட்டும் என்று நினைத்துக்கொண்டு செம்பை வாயில் வைத்தாள். உப்பே இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் மாதிரி இனித்தது. அவள் மறுபடியும் உப்புமானியைத் தூக்கிப் பார்த்தாள். முப்பத்தைந்துதான்.

முத்துராணி இன்னொரு வாய் குடித்தாள்.